முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில், குடும்பத்தின் வருங்காலத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு கேள்வி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. புதிதாக வாங்கியிருக்கும் பேட்டரி ஸ்கூட்டரின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டுவதா, வேண்டாமா? மனைவி ஆதரித்தாள். மகள் எதிர்த்தாள், பேட்டரியில் ஓடும் வண்டிக்குக் கண்ணேறு படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றாள். மருமகன் நடுநிலை வகிப்பதற்காகத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானிக்கும் வாக்கு என்னிடம் வந்து நின்றது. இதுபோன்ற விஷயங்களில் அவசரப்படக் கூடாது என்று அறிவித்துவிட்டு அல்சூர் மார்க்கெட் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு பெண்மணி மிளகாயைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். கம்பி துளைக்கும்போது மிளகாயிலிருந்து ஒரு பச்சைக் காரம் கிளம்பும். அதன் பின்னாலேயே எலுமிச்சைத் தோலின் வாசனை வரும். மற்றவர்களுக்கு அந்த வாசனை வெள்ளிக்கிழமையையோ கடை வாசலையோ நினைவூட்டலாம். எனக்கு ஒரு பெரிய விமானத்தின் முன்சக்கரம் நினைவுக்கு வந்தது. ரப்பர், கிரீஸ், எலுமிச்சை. பிறகு நீ.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதவில்லை. எழுதும்படி உன் பக்கத்திலிருந்தும் வற்புறுத்தல் எதுவும் வரவில்லை. ஆனால் சௌபாக்யா ஏர் நிறுவனத்தின் அதிகாரபூர்வமான வரலாற்றை எழுதியவன் நான். அதில் விட்டுப்போனதை யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த வரலாறு உனக்கு நினைவிருக்கும். வழவழப்பான தாளில், 'எங்கள் வரலாறும் விமானங்களும்' என்ற தலைப்பில் ஒரே ஒரு பக்கம். அதில் முக்கால் பக்கம் மேகங்களின் புகைப்படம். 'வானத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு மனிதரின் கனவு' என்று நம் எம்.டி.யைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் பார்த்து வளர்ந்தது அண்டாக்களை. சௌபாக்யா மஹால் என்று ஒரு கல்யாண மண்டபம் வைத்திருந்தார். நாற்காலி, பாத்திரம், ஷாமியானா என்று எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டார். பிறகு கல்யாண கோஷ்டிகளை ஏற்றிச் செல்ல டூரிஸ்ட் பஸ்கள் வாங்கினார். பஸ்களைப் பார்த்துக்கொள்ள நீ சேர்ந்தாய். அழைப்பிதழ்களில் எழுத்துப்பிழை பார்க்க என்னைச் சேர்த்துவிட்டாய். மர்பி டவுனில் ஒரே தெருவில் வளர்ந்த இருவர் விமானத் துறைக்குள் நுழைந்த பாதை இதுதான்.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டார், முகூர்த்தத்தைக் கடல் தாண்டி வைத்துக்கொள்ளப்போவதாகவும் ஆட்களை மொத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டார்கள். எம்.டி. விசாரித்தார். மறுநாள் உன்னையும் என்னையும் கூப்பிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நோடி, இங்க பாருங்க, ஏரோப்ளேன்கூட வாடகைக்குக் கொடுக்கறாங்களாம். நம்ம அண்டா மாதிரியே! எடுத்து உள்வாடகைக்கு விடலாமாம்!"

எத்தனை பேர் அமரும் விமானம் என்று பேச்சு வந்தது. தரகர் சிறிய விமானங்களின் படங்களை எடுத்து வைத்தார். நடுவில் ஒரே ஒரு நடை, இரு பக்கமும் இருக்கைகள். எம்.டி. தலையை ஆட்டினார். "ஒரே நடை இருந்தா பரிமாறறவன் எப்படிய்யா போவான், எப்படி வருவான்? சாம்பார் கொண்டுபோறவனும் ரசம் கொண்டுவர்றவனும் முட்டிக்க மாட்டாங்களா?" இரண்டு நடைகள் கொண்ட அகன்ற விமானங்களையே குத்தகைக்கு எடுப்பது என்ற நம் நிறுவனத்தின் கொள்கை இப்படித்தான் உருவானது. பிற்பாடு ஒரு வணிகப் பத்திரிகையிலிருந்து காரணம் கேட்டார்கள். நீண்டகாலப் பார்வை என்று பதில் எழுதி அனுப்பினேன்.

விமானங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் ஒரு சமயத்தில் ஒரு விமானம்தான் இருந்தது. குத்தகை முடிந்து ஒன்று போனால் இன்னொன்று வரும். 'இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் விமான அணி' என்று எழுதினேன். முதல் விமானத்தின் வாலில் பனிமலை வரைந்திருந்தது. அது யாருடைய மலை என்று கடைசிவரை தெரியவில்லை. இருக்கைகளில் இன்னொரு கம்பெனியின் பெயர், போர்வைகளில் மூன்றாவது கம்பெனியின் பெயர். குறுகிய கால வாடகைக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்? பயணிகள் படிக்கட்டில் கால் வைக்கத் தயங்குவார்கள். நீ கீழே நின்றுகொண்டு, மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நிற்பவனைப் போலவே சொல்வாய்: "பேரைப் பாக்காதீங்கமா, போர்டு மாத்தல, அவ்ளோதான். ஏறுங்க, ஏறுங்க, உள்ள ஜாஸ்தி எடம் இருக்கு."

உனக்கு 'ஃப்ளீட் ஹெட்' என்று பதவி கொடுத்தார்கள். "ஒரு வண்டிக்கு ஹெட் எதுக்கு குரு?" என்று என்னிடம் கேட்டாய். வண்டி ஒன்றுதான் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு என்றேன். உனக்கு அது நியாயமாகப் பட்டது.

இரண்டாவது விமானம் வந்த அன்றைக்கே ஒரு டயர் வெடித்தது. அன்று மாலை நீ ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, முன்சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியில், ஓரமாக, கம்பியில் கோத்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கட்டினாய். அதன் பிறகு டயர் வெடிக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மாற்றினாய். பொறியாளர்கள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வாடகை வண்டிக்கு எதற்கடா திருஷ்டி என்று நான் கேட்டதற்கு நீ சொன்னாய்: "சொந்த வண்டின்னா ஊர்க் கண்ணு மட்டும்தான். வாடகை வண்டின்னா ஓனர் கண்ணும் சேர்ந்து படும்."

இந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றித் தெரியக் கூடாத ஒரே ஆள் உன் அக்கா.

அக்கா உன்னை வளர்த்தவர். டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மர்பி டவுன் பௌத்த சங்கத்தின் செயலாளர். கயிறு, தாயத்து, பூசணிக்காய் எதுவும் அவரிடம் செல்லாது. நீ பஸ்ஸுக்குப் பழம் கட்டிய காலத்திலேயே தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "எலுமிச்சம்பழம்தான் ஓட்டுதுன்னா டிரைவருக்கு எதுக்குடா சம்பளம்?" தெருவே சிரித்தது. அதோடு அக்கா பார்க்கும் இடத்தில் கட்டுவதை நிறுத்திவிட்டாய்.

அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. புத்தர் ஞானம் பெற்ற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ரயிலில் போகலாம் என்று இருந்த காலத்தில் உன்னை வளர்த்துக்கொண்டிருந்தார். உன்னை வளர்த்து முடித்தபோது முழங்கால்கள் ரயிலுக்குச் சம்மதிக்கவில்லை. நீ விமானக் கம்பெனியில் ஹெட் ஆனதும், "நம்ம பிளேன்லயே கூட்டிட்டுப் போறேன்கா. பௌர்ணமிக்கு நீ அங்க இருப்ப" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். மர்பி டவுன், நீலசந்திரா, ஒக்கலிபுரம் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆள் சேர்ந்தது. இரண்டு நடைகளும் நிறைந்தன. அக்கா ரேஷன் கடை வரிசையில்கூட இதையே பேசினார். "தம்பி கம்பெனி பிளேனு. கயா வரைக்கும் நேரா."

சிக்கல் என்னவென்றால், அந்தப் பௌர்ணமிக்கு முன்பே நம் இரண்டாவது விமானத்தின் குத்தகை முடிந்தது. அதைச் சரியான நிலையில் திருப்பிக் கொடுத்து, குத்தகைக்கு விட்டவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மூன்றாவதை அனுப்புவார்கள். அக்காவின் கயா, அந்த ஏற்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

விமானத்தைத் திருப்பிக் கொடுப்பது சாதாரண வேலை இல்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் பிறப்பிலிருந்து காகிதம் இருக்கவேண்டும். ஒரு திருகாணிக்குக்கூட அது எங்கே பிறந்தது, யாரிடம் வளர்ந்தது, இதற்கு முன் எங்கே குடியிருந்தது என்ற விவரம் கேட்பார்கள். என்னைப் பற்றி என்னிடமே அவ்வளவு விவரம் கிடையாது.

அயர்லாந்திலிருந்து அவர்களுடைய ஆய்வாளர் வந்தார். நெட்டையான, மரியாதையான மனிதர். இளநீர் கொடுத்தோம், நன்றி சொல்லிக் குடித்துவிட்டு டார்ச்சை எடுத்தார். இருக்கைகளை எண்ணினார், கழிப்பறைக் கதவுகளைத் திறந்து மூடினார், உயிர்காப்பு மிதவைகளை எடுத்துப் பார்த்தார். நீ என் காதில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்: "கல்யாணம் முடிஞ்சு பாத்திரம் எண்றாரு குரு. அண்டா சரி, தாம்பாளம் சரி. இனி கரண்டி வரைக்கும் எண்ணுவாரு, பாரு."

கடைசியில் கீழே இறங்கி முன்சக்கரத்துக்கு வந்தார். டார்ச் வெளிச்சம் மேலே போனது. அங்கேயே நின்றது. எம்.டி. வானத்தைப் பார்த்தார், அவரைப் பற்றி நான் எழுதிய வரலாறு அந்த ஒரு நிமிடத்துக்கு உண்மையானது.

ஆய்வாளர் புகைப்படம் எடுத்தார். பிறகு கேட்டார்: "இது என்ன?"

"பாதுகாப்பு சம்பந்தப்பட்டது" என்றேன்.

"பாக எண்?"

"இல்லை."

"பொருத்தியவர்?"

நீ பள்ளிக்கூடத்தில் தூக்குவதைப் போலக் கையைத் தூக்கினாய்.

"அவுத்து எறி மாராயா!" என்றார் எம்.டி.

நீ ஸ்டூலில் ஏறினாய். கை பாதி தூரம் போய் நின்றது. "அமாவாசைக்கு முன்னாடி அவுக்கக் கூடாதே சார். அவுத்தா ஒடனே வேற கட்டணும்."

ஆய்வாளர் அதற்குள் உன்னைத் தடுத்துவிட்டார். அவருடைய காரணம் வேறு. ஆய்வில் பதிவான ஒரு பொருளை விமானத்திலிருந்து கழற்ற ஒரு வேலை உத்தரவு வேண்டும். வேலை உத்தரவு எழுத பாக எண் வேண்டும். பாக எண் இல்லாத பொருளை வைத்திருக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. தலைமையகத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்றும், அதுவரை ஏற்புக் கையெழுத்து இல்லை என்றும் மிகவும் வருந்திச் சொன்னார்.

நீ ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாய். எலுமிச்சம்பழம் உன் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா மூட்டையே கட்டிட்டாடா. புளிசாதத்துக்கு அரிசிகூட அளந்து வெச்சிட்டா" என்றாய். "அவகிட்ட என்னான்னு சொல்றது? பிளேனு எலுமிச்சம்பழத்துல மாட்டிக்கிச்சுன்னா? பிளேனு உடைஞ்சு போச்சுன்னு சொன்னாக்கூட மன்னிப்பா. இதுக்கு மன்னிக்க மாட்டா."

எம்.டி. தொண்டையைக் கனைத்தார். "சார், நம்பர் இருந்தா?"

ஆய்வாளர் யோசித்தார். நேர்மையான மனிதர். "எண் இல்லாவிட்டால் இது ஒரு குறைபாடு. எண்ணும் விவரமும் இருந்தால் இது ஒரு உபகரணம்" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்துப்பிழை பார்ப்பதற்காகச் சேர்க்கப்பட்டவனின் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேன்டீனில் உட்கார்ந்தோம். எண்ணை எம்.டி. தந்தார். மண்டபத்துப் பாத்திரங்களில் சௌபாக்யா மஹால் என்பதன் முதலெழுத்துகளைப் போட்டு வரிசையாக எண் வெட்டியிருப்பார்கள் அல்லவா? கடைசியாக வாங்கியது ஒரு ஜல்லிக்கரண்டி. அதற்கு அடுத்த எண் எலுமிச்சம்பழத்துக்கு வழங்கப்பட்டது. விவரத்தை நான் எழுதினேன்: 'கரிமப் பொருளாலான, கம்பியில் தொங்கும் தொகுதி.' செயல்பாடு என்ற இடத்தில், 'வெளியிலிருந்து விமானத்தின் மீது குவியும் கவனத்தின் கெடுவிளைவுகளைத் தணித்தல்' என்று எழுதினேன். ஆய்வாளர் இரண்டு தடவை படித்தார்.

"மின்னல் தடுப்பு போலவா?"

"அதே துறைதான்" என்றேன்.

"செயலிழந்தால் எப்படித் தெரியும்?"

இதற்கு நீ பதில் சொன்னாய். "காஞ்சு கறுத்துப்போயிடும் சார்."

அவர் முகம் மலர்ந்தது. மற்ற பாகங்களும் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொண்டால் தன் வேலை எளிதாகிவிடும் என்றார். ஆயுள்காலம்? அமாவாசைக்கு அமாவாசை. மாற்றுப் பொருள் பயன்படுத்தலாமா? "நாட்டு எலுமிச்சை மட்டும்தான் சார். வேற ஆகாது." தொடர்புக்கு? உனக்கு மின்னஞ்சல் கிடையாது. என் முகவரியை எழுதினேன். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது: இது இல்லாமல் விமானம் பறக்கலாமா?

மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். நீ காலை நகர்த்திக்கொண்டாய்.

"பறக்கக் கூடாது சார்" என்றாய்.

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். விமானம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெளியே வந்ததும் உன்னிடம் சண்டை போட்டேன். "எதுக்குடா அப்படிச் சொன்ன? பறக்கலாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" நீ பொறுமையாகத்தான் சொன்னாய்: "கேட்டாரு, சொன்னேன். நாளைக்கு எவன் ஏறுவானோ, எவன் அக்கா ஏறுவாளோ. சும்னே பொய் சொல்லச் சொல்றியா?"

மூன்றாவது விமானம் வாலில் ஏதோ ஒரு பறவையோடு வந்து சேர்ந்தது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் காலையில் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு அக்கா வெள்ளைப் புடவையில் வந்தார். படிக்கட்டில் ஏறுவதற்கு முன், ஏறத் தகராறு செய்யும் அதே முழங்கால்களை மடக்கிக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் கட்டலையே?"

"சத்தியமா இல்லக்கா."

உண்மைதான். நீ கட்டவில்லை. உன் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தாய்.

அக்கா ஜன்னல் ஓரம், நீ நடுவில், நான் நடைப்பக்கம். விமானம் எழும்பியபோது அக்கா கண்ணை மூடவில்லை. கீழே ஊர் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, "பரவால்லடா. உன் பஸ்ஸு மாதிரியேதான் கீது" என்றார். அதை நீ சாகும்வரை எல்லோரிடமும் சொன்னாய். சற்று நேரத்தில் அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா வாசனை?"

"புளிசாதம்கா."

"புளிசாதத்துல எலுமிச்சை எங்கேந்துடா வரும்?"

நீ எழுந்து, பின்னால் எல்லோரும் சௌகரியமாக இருக்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டாய். இரண்டு நடைகள் இருந்ததால் ஒன்றில் போய் இன்னொன்றில் வரச் சௌகரியமாக இருந்தது.

அங்கே, அரசமரத்தின் அடியில் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாம் தள்ளி நின்றோம். கடைசியில், "கூட்டினு வந்துட்டேன் பாத்தியா" என்று மட்டும் சொன்னாய். என்னிடம் சொன்னாயா, மரத்திடமா என்று தெரியவில்லை.

சௌபாக்யா ஏர் அதன் பிறகு நெடுநாள் நடக்கவில்லை. எம்.டி. அண்டாக்களுக்குத் திரும்பினார், நீ பஸ்களுக்குத் திரும்பினாய், நான் அழைப்பிதழ்களுக்கு. போன வருடம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு பஸ் ஷெட்டில் நாற்காலியில் சாய்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அக்கா பஞ்சசீலம் சொல்லி உன்னை அனுப்பிவைத்தார். ஒரு கயிறு, ஒரு பழம், எதுவும் இல்லாமல், அவர் முறைப்படியே.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார். கைக்குட்டையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம். காய்ந்து, கறுத்து, கூழாங்கல்லாகிவிட்டிருந்தது.

"அவன் பாக்கெட்டுல இருந்துச்சு" என்றார். "இதுக்கு நம்பர் எல்லாம் குடுத்தீங்களாமே, நீயும் அவனும்?"

பழத்தைத் திரும்ப முடிந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்க. பிளேன்ல பாக்கெட் பொடைச்சுக்கிட்டு இருந்துச்சே, பாக்க மாட்டேனா? சின்ன வயசுலேந்தே பயந்தாங்கொள்ளி. போவட்டும், வெச்சுக்கட்டும்னு உட்டுட்டேன்." கைக்குட்டையை என் பக்கம் தள்ளினார். "நீயே வெச்சுக்கோ. தூக்கிப் போட எனக்கு மனசு வரல. நான் வெச்சுக்கினா சங்கத்துல என்னா நெனப்பாங்க?"

அன்றிலிருந்து அது என் பையில் இருக்கிறது. காகிதத்தின்படி அதன் ஆயுள்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மாற்றியிருக்க வேண்டும். பொருத்தியவர் நீ, மாற்றும் அதிகாரமும் உன்னுடையது. நான் கை வைக்கவில்லை.

நேற்று மார்க்கெட்டிலிருந்து ஒரு பழத்தோடு திரும்பி, என் வாக்கைச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் கட்டினேன். ஆதாரம் என்ன என்று மகள் கேட்டாள். ஆவணங்கள் இருக்கின்றன என்றேன்.

உள்ளே வந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நம் இரண்டாவது விமானத்தின் இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டுச் சரக்கு விமானமாக மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது நைரோபியிலிருந்து ஐரோப்பாவுக்கு ரோஜாப்பூ ஏற்றிச் செல்கிறது. அதன் பராமரிப்புப் பொறுப்பாளர், எலுமிச்சம்பழத்தின் காகிதத்தில் இருந்த என் முகவரிக்கு எழுதியிருந்தார். போன அமாவாசையன்று நாட்டு எலுமிச்சை கிடைக்காததால் விமானம் புறப்படவில்லை. மறுநாள் மொம்பாசாவிலிருந்து பழம் வந்தது. பொருத்தி, இருவர் கையெழுத்திட்டார்கள். அதற்குள் பூக்கள் வாடிவிட்டதால், விமானம் காலியாகக் கிளம்பியது.